நின்று ஆடுவதும் அடித்து ஆடுவதும்

(நம் பள்ளியின் பரிசளிப்பு நாளில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு நாளில் பேசச் சொன்னால் கல்வி, ஒழுக்கம், தாய்மொழி என்று பேசுவதுதான் வழக்கம். நான் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்ன சார், நம்ம தோட்டத்துல பந்துன்னா கால்பந்துதானே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் மாலையில் நம் திடலுக்கு வந்து பாருங்கள். தென்னை மட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு, டென்னிஸ் பந்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். கைப்பேசியில் இருபது ஓவர் ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். 1998-இல் நம் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தபோது கிரிக்கெட்டும் இடம்பெற்றது. சச்சின் டெண்டுல்கரே இங்கு வந்து ஆடினார். தென்னாப்பிரிக்கா தங்கம் வென்றது. ஆகவே இந்த ஆட்டம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சார், சிக்சர் அடிக்கலைன்னா எதுக்கு சார் மட்டையைப் பிடிக்கணும்?" நல்ல கேள்வி! அவனுக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்லப் போகிறேன். டெஸ்ட் ஆட்டத்தில் முதலில் களமிறங்கும் தொடக்க ஆட்டக்காரர் எந்த வேகத்தில் ஆட வேண்டும்? எப்போது நின்று ஆடுவது, எப்போது அடித்து ஆடுவது? இதுதான் என் பொருள்.

டெஸ்ட் ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது ஐந்து நாள் ஆட்டம். ஒரு நாளைக்கு 90 ஓவர். ஓர் ஓவருக்கு ஆறு பந்து. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு முறை ஆட வாய்ப்பு உண்டு. இத்தனை ஓவருக்குள் ஆடி முடித்துவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு ஓர் இன்னிங்சுக்குக் கிடையாது. பத்துப் பேர் அவுட்டாகும் வரை ஆடலாம். ஆகவே இருபது ஓவர் ஆட்டத்தில் அவசரம்தான் முதலாளி என்றால், டெஸ்டில் நேரம்தான் முதலாளி. நேரம் முடிவதற்குள் எதிரியின் விக்கெட்டுகளை எல்லாம் எடுக்க முடியாவிட்டால் வெற்றி இல்லை, ஆட்டம் சமம். ஆக, ஓட்டம் எடுக்காமல் வெறுமனே நிற்பதற்கும் அங்கே ஒரு விலை உண்டு.

தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரும் உள்ளே போகும்போது நிலைமை எப்படி இருக்கும்? பந்து புதிது. எடை ஏறக்குறைய 160 கிராம். கல் போலக் கெட்டியாக இருக்கும். மேலே பளபளப்பு, நடுவில் தையல் எழும்பி நிற்கும். அந்தப் பளபளப்பால் பந்து காற்றில் வளையும். தையலில் பட்டால் தரையில் விழுந்து திசை மாறும். காலை நேரத்து ஆடுகளத்தில் ஈரம் இருக்கலாம். வீசுகிறவரோ அப்போதுதான் வந்தவர், களைப்பு அறியாதவர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைப் பார்த்து முடிவெடுக்க அரை நொடிதான் கிடைக்கும். மட்டையின் ஓரத்தில் பட்டால் பிடிப்பதற்குப் பின்னால் மூன்று நான்கு பேர் காத்திருப்பார்கள்.

இருபது முப்பது ஓவர் போகட்டும். பந்து தேய்கிறது, மெத்தென்று ஆகிறது. வெயில் ஏறுகிறது. வீச்சாளருக்கு மூச்சு வாங்குகிறது. அதே ஆடுகளம், அதே ஆட்கள். ஆனால் ஆட்டம் வேறு! 80 ஓவர் முடிந்தால்தான் அவர்கள் இன்னொரு புதுப் பந்து கேட்கலாம். இதனால்தான், முதல் ஒரு மணி நேரத்தைப் பந்து வீச்சாளருக்குக் கொடு, மிச்சத்தை நீ எடுத்துக்கொள் என்று அனுபவசாலிகள் சொல்லி வைத்தார்கள்.

முதல் மணியைக் கொடுப்பது என்றால் பயந்து ஒதுங்குவதா? இல்லை. அந்த ஒரு மணியில் தொடக்க ஆட்டக்காரர் செய்யும் பெரிய வேலை, அடிக்க வேண்டாத பந்தை விட்டுவிடுவது. தன் ஆப் ஸ்டம்பு எங்கே இருக்கிறது என்று அவர் திரும்பிப் பார்க்காமலே அறிந்திருக்க வேண்டும். அதற்கு வெளியே போகும் பந்தை மட்டையை உயர்த்திப் போக விடுவார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆனால் நடக்கிறது. வெளியே வீசி ஏமாற்ற முடியவில்லை என்று கண்ட வீச்சாளர் உள்ளே வீச வருகிறார். உள்ளே வந்தால் காலுக்கு நேரே பந்து வருகிறது; இவர் தட்டிவிட்டு ஓடுகிறார். யார் யாருடைய பொறுமையைச் சோதிக்கிறார் என்பதுதான் அங்கே போட்டி.

பால் மரம் சீவிய பெரியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். இன்று பல தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கை மறந்திருக்காது. அதிக பால் வேண்டும் என்று கத்தியை ஆழமாகப் போட்டால் என்ன ஆகும்? மரத்தில் காயம் விழும். இன்று நாலு சொட்டு அதிகம் வரலாம். நாளைக்கு அந்தப் பட்டை பாழ். ஆழம் போதாமல் மேலோடு சீவினாலும் மங்கில் பால் சேராது. இவ்வளவு ஆழம்தான் என்று கைக்குத் தெரிய வேண்டும். தொடக்க ஆட்டக்காரரின் கணக்கும் அப்படிப்பட்டதுதான்.

இதற்கு இலக்கணமாகச் சொல்லத்தக்கவர் பம்பாயில் பிறந்த சுனில் கவாஸ்கர். ஆள் உயரமில்லை. 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளில் முதன்முதலாக டெஸ்ட் ஆடினார். வயது 21. தலைக்கவசம் இல்லாத காலம். நான்கு டெஸ்டில் 774 ஓட்டங்கள் எடுத்தார்! 1987-இல் டெஸ்ட் ஆட்டத்தில் 10,000 ஓட்டங்களைத் தொட்ட முதல் மனிதரும் அவரே.

அவர் ஆடிய ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். 1979, லண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா கடைசி இன்னிங்சில் 438 ஓட்டங்கள் எடுக்க வேண்டும். மலை போன்ற எண்ணிக்கை! கவாஸ்கரும் சேத்தன் சௌகானும் நான்காம் நாளே தொடங்கினார்கள். மலையைப் பார்த்து மலைக்கவில்லை. மட்டையைக் கண்டபடி சுழற்றவும் இல்லை. புதுப் பந்தைக் கழித்தார்கள். ஒன்றிரண்டாகச் சேர்த்தார்கள். முதல் விக்கெட்டுக்கே 213 ஓட்டங்கள். சௌகான் 80 எடுத்து அவுட்டானார். கவாஸ்கர் தொடர்ந்தார், பந்து தேயத் தேய வேகத்தைக் கூட்டினார். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 221 எடுத்தார். முடிவு என்ன தெரியுமா? இந்தியா 8 விக்கெட்டுக்கு 429. வெற்றிக்கு ஒன்பது ஓட்டங்கள் குறைவு, நேரம் முடிந்துவிட்டது. ஆட்டம் சமம். தோற்க வேண்டிய ஆட்டத்தை வெற்றியின் வாசல்படி வரைக்கும் கொண்டுவந்தது அந்தத் தொடக்கம்தான்.

இப்போது ஒரு தம்பி எழுந்து, "அப்போ எப்பவும் கட்டை போட்டா போதுமா சார்?" என்று கேட்பான். போதாது! அதையும் கவாஸ்கரிடமிருந்தே காட்டுகிறேன்.

1975-இல் முதல் உலகக் கிண்ணப் போட்டி. அது டெஸ்ட் அன்று, அறுபது ஓவர் ஆட்டம். இங்கிலாந்து 334 எடுத்தது. கவாஸ்கர் தொடக்கத்தில் இறங்கி அறுபது ஓவரும் நின்றார். 174 பந்துகளைச் சந்தித்து எடுத்தது 36 ஓட்டங்கள். அவுட்டாகவில்லை. ஆனால் இந்தியா 202 ஓட்டங்களில் தோற்றது. நேரம் கட்டுக்குள் இருக்கும் ஆட்டத்தில், நேரம் தாராளமாக உள்ள ஆட்டத்தின் வேகம் உதவவில்லை.

1967-இல் லீட்ஸ் நகரில் இங்கிலாந்தின் ஜெப்ரி பாய்காட் இந்தியாவுக்கு எதிராக 246 எடுத்தார். கடைசி வரை அவுட்டாகவில்லை. ஆட்டத்தில் இங்கிலாந்து வென்றது. ஆனால் அடுத்த டெஸ்டில் அவருக்கு இடமில்லை! மிகவும் மெதுவாக ஆடினார் என்று தேர்வாளர்கள் வெளியே உட்கார வைத்தார்கள். அது நியாயமா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. ஒன்று மட்டும் தெரிகிறது. நின்றால் மட்டும் போதாது, எதற்காக நிற்கிறோம் என்பதும் வேண்டும்.

இனி 1983-க்கு வாருங்கள். டில்லி நகரம். எதிரே மார்ஷல், ஹோல்டிங் முதலான மேற்கிந்தியத் தீவுகளின் வேகப் புயல்கள். அதே கவாஸ்கர் 94 பந்தில் நூறு அடித்தார்! டான் பிராட்மனின் 29 சதங்களை அன்று அவர் சமன் செய்தார். 174 பந்தில் 36 எடுத்தவரும் 94 பந்தில் 100 எடுத்தவரும் ஒரே ஆள். மனிதர் மாறவில்லை. வேகம் மாறியது. தன் இயல்பு இதுதான் என்று ஒரே பாட்டைப் பாடாமல், அன்றைய தேவை எது என்று பார்த்தார். வள்ளுவப் பெருந்தகை காலமறிதல் என்று தனி அதிகாரமே வைத்தாரே, காரணமில்லாமலா!

தொடக்க ஆட்டக்காரர் தனி ஆளல்லர் என்பதையும் மறக்கக் கூடாது. அது இரண்டு பேர் சேர்ந்து இழுக்கும் வண்டி. 1956-இல் சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தார்கள். 2008 வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள், அந்தச் சாதனையை உலகில் யாரும் தாண்டவில்லை. 1986 சனவரியில் சிட்னியில் கவாஸ்கருக்குத் துணையாக இறங்கியவர் நம் சென்னை ஸ்ரீகாந்த். அவர் அதிரடிக்காரர், இவர் நிதானி. ஸ்ரீகாந்த் 116, கவாஸ்கர் 172. இந்தியா 4 விக்கெட்டுக்கு 600 எடுத்து இன்னிங்சை முடித்துக்கொண்டது. ஒருவர் அடிப்பார், மற்றவர் பிடித்து நிற்பார். வீச்சாளருக்கு இருவரில் யாருக்குத் தகுந்தபடி வீசுவது என்றே குழப்பம் வந்துவிடும். கணவன் மனைவி நடத்தும் குடித்தனமும் அப்படித்தானே! இருவரும் செலவாளியானாலும் கஷ்டம், இருவரும் கஞ்சனானாலும் கஷ்டம்.

"சேவாக்கை விட்டுட்டீங்களே சார்!" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. வீரேந்தர் சேவாக் முதல் மணியை யாருக்கும் கொடுக்கவில்லைதான். 2008 மார்ச்சில் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 304 பந்தில் 319 அடித்தார். 300-ஐ எட்டியது 278-ஆவது பந்தில். அதுவரை டெஸ்டில் அவ்வளவு குறைந்த பந்துகளில் யாரும் முச்சதம் அடித்ததில்லை. ஆனால் தம்பி, அவர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியவர் என்று நினைக்காதே. பந்து மட்டையில் படும் வரை அவர் தலை அசையாது. அன்று ஆடுகளமும் வீச்சாளருக்கு உதவவில்லை. அடிக்கத் தகுந்த நாள் என்று கண்டார், அடித்தார்.

அதே ஆண்டு டிசம்பரில், அதே சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக இன்னொரு டெஸ்ட். வெற்றிக்கு 387 வேண்டும். கடைசி நாளில் பந்து சுழலும் ஆடுகளத்தில் இதை எடுப்பது யாருக்கும் எளிதன்று. நான்காம் நாள் மாலை சேவாக் இறங்கினார். 68 பந்தில் 83! அன்று ஆட்டம் முடிந்தபோது இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 131. மறுநாள் டெண்டுல்கர் பதற்றமில்லாமல் ஆடிச் சதமடிக்க, இந்தியா 6 விக்கெட்டில் வென்றது. 83 எடுத்த சேவாக்குக்குத்தான் ஆட்ட நாயகன் விருது. அன்று அவர் கவாஸ்கர் பாணியில் நின்றிருந்தால் கடைசி நாளின் சுமை தாங்க முடியாததாக இருந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. 1958-இல் பார்படோசில் மேற்கிந்தியத் தீவுகள் 579 எடுத்தன. பாகிஸ்தான் 106-இல் சுருண்டது. 473 ஓட்டங்கள் பின்தங்கி மறுபடியும் ஆட வேண்டிய நிலை. ஆறு நாள் டெஸ்ட் அது. இன்னும் மூன்று நாளுக்கு மேல் பாக்கி. ஹனிப் முகமது தொடக்கத்தில் இறங்கினார். 970 நிமிடங்கள், அதாவது பதினாறு மணி நேரத்துக்கு மேல் நின்று 337 எடுத்தார். பாகிஸ்தான் தோற்கவில்லை! அந்த நாட்களில் அவருக்கு வேண்டியது ஓட்டம் அன்று, பொழுது சாய்வது.

"பதறாத காரியம் சிதறாது" என்கிறோம். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றும் நாமே சொல்கிறோம். இரண்டும் உண்மை. ஹனிப்புக்கு முதல் பழமொழி, சேவாக்குக்கு இரண்டாவது. எந்த நேரத்தில் எது என்று அறிவதுதான் தொடக்க ஆட்டக்காரரின் கல்வி.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

மாணவச் செல்வங்களே! ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறீர்களே, அதுதான் உங்களுக்குப் புதுப் பந்து. புது இடம், புது முகங்கள், பாடமெல்லாம் வேறு மொழியில். பந்து வளையும், எகிறும். இங்கே முதல் மாணவனாக இருந்தவன் அங்கே முதல் தேர்வில் பின்னால் போகலாம். அப்போது மனம் ஒடிந்து, "எனக்குப் படிப்பு வராது" என்று விக்கெட்டைத் தூக்கிக் கொடுத்துவிடாதே. அப்படிப் பாதியில் நின்றுவிட்ட பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் பந்து தேய்ந்திருக்கும். அவ்வளவுதான்! வெளியே போகும் பந்தை விடவும் பழகு. கெட்ட சகவாசம், பள்ளியை விட்டால் கைக்காசு என்னும் ஆசை, வீண் சண்டை, இவை எல்லாம் ஆப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்துகள். மட்டையை நீட்டாதே.

ஆனால் வகுப்பில் வாய் திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பொறுமை என்று எண்ணிவிடாதே. அது 174 பந்தில் 36. புரியவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேள். உதவித்தொகை, கல்லூரி இடம், நல்ல தொழிற்பயிற்சி என்று வாய்ப்பு வந்தால் தயங்காமல் அடி.

பெற்றோர்களே! முதலாம் ஆண்டுப் பிள்ளை மூன்றாம் மாதமே கடகடவென்று வாசிக்கவில்லை என்று அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சேவாக்காக இருக்கலாம். உங்கள் பிள்ளை கவாஸ்கராக இருக்கலாம். இருவருக்கும் குழுவில் இடமுண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014-இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தமிழ்நாட்டு முரளி விஜய் இரண்டாம் இன்னிங்சில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். 247 பந்துகள் நின்று 95 எடுத்தார். சதத்துக்கு ஐந்து குறைவு. சத வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. ஆனால் அந்த டெஸ்டை இந்தியா வென்றது. எத்தனை ஓட்டத்தில் தெரியுமா? சரியாக 95!

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பார்த்துக் கைதட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் உங்களைப் பார்க்கிறேன். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் மரம் சீவியவர்கள் நீங்கள். குலை வெட்டிச் சுமந்தவர்கள் நீங்கள். உங்களுக்கு முன் உங்கள் தாத்தா பாட்டிமார் காட்டை அழித்து இந்தத் தோட்டங்களை உண்டாக்கினார்கள். புதுப் பந்தின் அடியெல்லாம் உங்கள் உடம்பில் விழுந்தது. நீங்கள் நின்ற காரணத்தால்தான் பந்து தேய்ந்தது. அதன் பிறகு இறங்குகிறவர்கள்தான் இந்தப் பிள்ளைகள். இன்று அவர்கள் வாங்கும் கிண்ணத்தில் உங்கள் 95 இருக்கிறது. பிள்ளைகளே, வீட்டுக்குப் போனதும் கிண்ணத்தை அம்மா அப்பா கையில் கொடுங்கள். பாட்டி இருந்தால் முதலில் பாட்டி கையில் கொடுங்கள்.

பரிசு பெற்றவர்களுக்கு என் பாராட்டுகள். பெறாதவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் இன்னிங்ஸ் முடியவில்லை; இன்னும் காலை நேரம்தான்.